அசலைப் பார்த்துத் தைத்தது

"இவ்வளவு கெட்டியா இருக்கக் கூடாதுன்னு குறிப்புல—"

"இருக்கும் சார், அது அப்படித்தான்—"

"—பட்டாணி அளவு, பட்டாணிப் பதம்னு தெளிவா எழுதி—"

"பட்டாணி நழுவும் சார். இது நழுவாது. அடியில ஒட்டிக்கிட்டு—"

"நான் பேசி முடிச்சுக்கறேன்!"

"நான் தைச்சே முடிச்சுட்டேன் சார்!"

ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் கையில் பஞ்சு அடைத்த ஒரு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவது போல, சீட்டுக் கட்டிய நூலின் நுனியை மட்டும் பிடித்திருந்தார். மற்ற இடத்தைத் தொட அவருக்குக் கூச்சம்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் விழிப்புணர்வுப் பிரிவு, மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு மாதத்தை ஒதுக்கியிருந்தது. கட்டி என்றால் விரலுக்கு எப்படித் தட்டுப்படும் என்று வகுப்புக்கு வரும் பெண்கள் தொட்டுத் தெரிந்துகொள்ள நாற்பது மாதிரிகள் வேண்டும். மேலே துணி, உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு கட்டி. தையல் அறைக்கு உத்தரவு வந்தது. உத்தரவில் அதற்கு 'மென்வட்ட உபகரணம்' என்று பெயர். 'மார்பு' என்று எழுதினால் கோப்பைக் கையில் வாங்குகிறவர் என்ன நினைத்துக்கொள்வாரோ என்று ஒரு குழு மூன்று மாதம் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர். ரோஜா நிறத் துணி மேடை ஜோடனைக்கே போதவில்லை. அதனால் வார்டுத் திரைக்கு வெட்டிய பச்சைத் துணியின் மிச்சத்தில் தைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"ஒட்டிக்கிட்டிருக்கும்னு யார் சொன்னா? நீ டாக்டரா?"

"இல்ல சார்."

"நர்ஸா?"

"இல்ல சார்."

"பின்ன எதை வெச்சுச் சொல்ற?"

தையற்காரி ஓடிக்கொண்டிருந்த மிஷின் சக்கரத்தை உள்ளங்கையால் நிறுத்தினாள். ஊசி பாதித் துணியில் நின்றது.

"எனக்கு இருக்கு சார். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் தைச்சேன்."

மாதிரி கீழே விழுந்து மிஷினுக்கு அடியில் உருண்டது. ஸ்டோர்காரர் கூரையைப் பார்த்தார். 'எங்கே?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

நடந்தது இவ்வளவுதான். பஞ்சை எவ்வளவு திணித்தால் சதை போல அமுங்கும் என்று குறிப்பில் இல்லை. கையிலேயே அளவு இருக்க, ஊரெல்லாம் எதற்குத் தேட வேண்டும் என்று குளிக்கும்போது தன்னையே அமுக்கிப் பார்த்தாள். இடது பக்கம், அக்குளுக்கு அருகே, சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று விரலைத் தடுத்தது. நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை. மறுநாள், அழிரப்பர் துண்டில் நூலைச் சுற்றி, அடித்துணியோடு நாலு தையல் போட்டு இறுக்கியபோது விரலுக்கு அதே மாதிரி இருந்தது. தொழில் தெரிந்தவள். கண்ணால் பார்த்ததைவிடக் கையால் பார்த்தது அவளுக்குத் தப்பாது.

அரை மணி நேரத்தில் விழிப்புணர்வுப் பிரிவின் இயக்குநர் அம்மாவே தையல் அறைக்கு வந்துவிட்டார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மைக் அம்மா. ஒற்றை ஆளிடம் பேசினாலும் ஆயிரம் பேரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். மாதிரியை அமுக்கினார். கண்ணை மூடி மறுபடி அமுக்கினார்.

"இத்தனை வருஷமா நாம எதைத் தேடிக்கிட்டிருந்தோம்? உண்மைத்தன்மை! அது எங்க இருந்தது? நம்ம தையல் அறையிலேயே இருந்தது!"

ஸ்டோர்காரர் தனியாகக் கை தட்டினார்.

"அம்மா, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தீங்கன்னா எதிர் பிளாக்குல காட்டிட்டு வந்துடுவேன். பத்து நிமிஷம்" என்றாள் தையற்காரி.

"காட்டினா?"

"என்னன்னு பார்ப்பாங்கம்மா."

"பார்த்துட்டு?"

"படம் எடுப்பாங்க. ஊசி போட்டு எடுத்துச் சோதிப்பாங்க. தேவைன்னா ஆபரேஷன்…"

"எடுத்துட்டா, மிச்ச முப்பத்தொன்பதையும் நாம எதோட ஒப்பிட்டுப் பார்க்கறது?"

இதை அவர் கோபமாகக் கேட்கவில்லை. மாடிப்படி விளக்கை அணைத்துவிட்டால் எப்படி ஏறுவது என்று கேட்பவரைப் போல, உண்மையான கவலையோடு கேட்டார்.

"நோட்டீஸ்ல 'உடனே டாக்டரைப் பாருங்கள்'னு போட்டிருக்கேம்மா. நீங்கதானே அச்சடிச்சீங்க?"

"அது பொதுமக்களுக்கு எழுதினதும்மா. நீ ஊழியர். ஊழியருக்குன்னு தனி முறை இருக்கு. பிரிவுத் தலைவர் கையெழுத்து வேணும். இந்த மாசம் தையல் அறை என் பிரிவுக்கு இரவல். அதனால நான்தான் உனக்குத் தலைவர். நாற்பதை முடி. நானே ஓடி வந்து கையெழுத்துப் போடறேன்."

அவர் போனதும் ஸ்டோர்காரர் ஓர் அட்டையைக் கொண்டுவந்து கதவில் தொங்கவிட்டார்: 'ஒப்பீட்டுக்கான அசல் இவ்வறையில் உள்ளது. அனுமதியின்றி வெளியே கொண்டுசெல்லக் கூடாது.'

"சார், அசல்னா நான்தானே?"

"நீ இல்ல. அது."

"அது தனியா வெளிய போகாதே சார்."

"அப்ப ரெண்டு பேருமே இருங்க" என்றார் ஸ்டோர்காரர்.

தையல் அறைக்கு ஒரே ஜன்னல். அதற்கு நேர் எதிரே, பதினோரு எட்டு வைத்தால் கடந்துவிடும் முற்றத்துக்கு அப்பால், பரிசோதனை பிளாக்கின் கதவு. காலையில் பெரிய டாக்டர் பையோடு உள்ளே போவதும், பெண்கள் பயந்த முகத்தோடு நுழைவதும், சிலர் சிரித்துக்கொண்டு வெளியே வருவதும், சிலர் வந்து படியிலேயே உட்கார்ந்துவிடுவதும் மிஷினில் உட்கார்ந்தபடியே அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் வீட்டில் ஓரகத்தியிடம் சொன்னாள். இவர்களைக் கட்டிய அண்ணன் தம்பி இருவரும் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். அதுவரை வீடு இந்த இரண்டு பெண்களின் ராஜ்ஜியம். சண்டைக்கும் சமாதானத்துக்கும் வேறு ஆள் கிடையாது.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"அப்ப விடு. வலிக்காததுக்கு எதுக்கு வைத்தியம்?"

"வலிக்காம இருக்கறதுதான் பயம். பாதிப் பேருக்கு மேல வலியே இருக்காதாம். நோட்டீஸ்ல இருக்கு."

"உங்க சித்திக்கும் அப்படித்தானே—" ஓரகத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சித்தி இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. துணி நனைந்து கறை தெரிந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. தையற்காரிக்கு இப்போது நாற்பத்துநாலு.

"ரத்த சொந்தத்துல இருந்தா நமக்கும் வர வாய்ப்பு அதிகமாம். பிள்ளை பெறாதவங்களுக்கும் கொஞ்சம் அதிகமாம். ரெண்டுமே எனக்குத்தான்."

"வாயை மூடு. கட்டி வந்தவங்க எல்லாருக்கும் அதேவா? என் சிநேகிதிக்குக் கட்டி இருந்தது, பார்த்தா வெறும் கொழுப்பு."

"எனக்கும் அப்படி இருந்தா நல்லதுதான். பார்த்தாத்தானே தெரியும்?"

"தண்ணிக்குள்ளயே நின்னுக்கிட்டு தாகம்ங்கறியே! அந்த ஆஸ்பத்திரியிலதானே இருக்க?"

"அதான்க்கா கஷ்டம். வெளி டாக்டர்கிட்ட மத்தியானமே ஓடிப்போய்க் கேட்டேன். 'அந்தப் படம் எடுக்கற மிஷின் உங்க ஆஸ்பத்திரியில மட்டும்தான் இருக்கு'ன்னு அங்கயே திருப்பி அனுப்பிட்டாரு." தையற்காரி நோட்டீஸை மடித்து வைத்தாள். "சித்தி வெட்கப்பட்டு வெளிய சொல்லல. நான் சொல்லிட்டேன். ஸ்டோர்காரருக்குச் சொன்னேன், மைக் அம்மாவுக்குச் சொன்னேன், வெளி டாக்டருக்கும் சொல்லிட்டேன். சொன்னவளுக்கும் சொல்லாதவளுக்கும் என்னக்கா வித்தியாசம்?"

மறுநாள் காலை ஓரகத்தி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "கிளம்பு. கையெழுத்தாவது, கத்திரிக்காயாவது. நேரா கதவைத் தட்டுவோம்."

பரிசோதனை பிளாக்கின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சீட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தாள்.

"சான்றிதழ் இருக்கா?"

"என்ன சான்றிதழ்?"

"விழிப்புணர்வு வகுப்பு முடிச்ச சான்றிதழ். இந்த மாசம் அது இல்லாம யாரையும் பதியக் கூடாது. விழிப்புணர்வு இல்லாம வந்து டாக்டர் நேரத்தை வீணாக்கறாங்களாம்."

"வந்திருக்காளே, அதுவே விழிப்புணர்வு இல்லையா?" என்றாள் ஓரகத்தி.

"அது உங்க அபிப்பிராயம்மா. எனக்குத் தேவை காகிதம். ஆனா ஒண்ணு, அது இருந்தா ஊழியரானாலும் பிரிவுத் தலைவர் கையெழுத்து வேண்டாம்."

அப்படியானால் வகுப்புக்கே போய்விடுவோம் என்று இருவரும் வியாழக்கிழமை போனார்கள். முதலில் ஒரு முன்தேர்வு. பத்துக் கேள்விகள். புதிதாகக் கட்டி தென்பட்டால் என்ன செய்வீர்கள்? தோல் ஆரஞ்சுப்பழத் தோல் போலக் குழிந்தால்? காம்பு உள்ளே இழுத்துக்கொண்டால்? நீரோ ரத்தமோ கசிந்தால்? அக்குளில் வீக்கம் வந்தால்? தையற்காரி நோட்டீஸைக் கரைத்துக் குடித்திருந்தாள். மளமளவென்று எழுதினாள். ஓரகத்தி பேனாவைக் கடித்துக்கொண்டே இருந்துவிட்டு எல்லாவற்றுக்கும் 'வெந்நீர் ஒத்தடம்' என்று எழுதினாள்.

பிறகு வகுப்பு. தையற்காரி தைத்த பச்சை மாதிரிகள் கைக்குக் கை மாறின. "உள்ள என்னமோ தட்டுப்படுதா? அதைத்தான் நீங்க உங்ககிட்டயும் தேடணும்" என்றாள் பயிற்றுநர்.

தையற்காரி கையைத் தூக்கினாள். "தேடிட்டேங்க. இருக்கு."

"கேள்வியெல்லாம் கடைசியில."

கடைசியில் கேள்விக்கு நேரமில்லை. பின்தேர்வு வைத்தார்கள். திருத்தினார்கள். ஓரகத்திக்கு முன்தேர்வில் பூஜ்யம், பின்தேர்வில் மூன்று. "பிரமாதமான முன்னேற்றம்!" என்று சான்றிதழ் கொடுத்து, அதைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படமும் எடுத்தார்கள்.

"எனக்கு?" என்றாள் தையற்காரி.

பயிற்றுநர் தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "நீங்க முன்தேர்வுலயே பத்துக்குப் பத்து. பின்தேர்வுலயும் பத்து. பத்துல பத்து போனா?"

"பூஜ்யம்."

"அதேதான். இந்த வகுப்பால உங்களுக்கு உண்டான விழிப்புணர்வு பூஜ்யம். பூஜ்யத்துக்கு எப்படிச் சான்றிதழ் கொடுக்கறது? சொல்லுங்க."

"அப்ப அடுத்த வாரம் மறுபடி வந்து தப்பாவே எழுதறேன்."

"எப்படிம்மா முடியும்? உங்களுக்குத் தெரியும்னு பதிஞ்சாச்சு. தெரிஞ்சதைத் தெரியாதுன்னு மாத்தினா மோசடி ஆயிடும்."

ஆக, ஒன்றும் இல்லாத ஓரகத்தியை எதிர் பிளாக்கில் மரியாதையாக உள்ளே கூப்பிட்டு, நிதானமாகப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கீங்க" என்று அனுப்பினார்கள். வெளியே வந்தவள் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வழியில் போன நர்ஸ் அவள் தோளைத் தடவி, "தைரியமா இருங்க" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையாம்!" என்று கத்தினாள் ஓரகத்தி. "என் சீட்டுல இவளைப் பாருங்களேன்! நான் வேணும்னா உங்க அறையில பணயமா உட்கார்ந்திருக்கேன்!"

சீட்டுக்காரம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இவங்க தையல் ரூம்தானே? இவங்களை வெளிய விடக் கூடாதுன்னு அட்டையே போட்டிருக்கே."

வேறு வழியில்லை. நாற்பதையும் முடித்துத் தொலைத்துவிடுவோம் என்று தையற்காரி மிஷினை ஓட்டினாள். முப்பது நாளில் நாற்பது தைத்தாள். கடைசி மாதிரியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு மைக் அம்மா அறைக்கு ஓடினாள். அங்கே இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார்கள். மாதிரிகளின் உண்மைத்தன்மையை மேலிடம் பாராட்டி, விழிப்புணர்வு மாதத்தை மூன்று மாதமாக நீட்டியிருந்தது. இன்னும் எண்பது மாதிரிகள்.

"மாசம் எப்படிம்மா மூணு மாசமாகும்?"

"எல்லாம் உன்னாலதான்!" என்று மைக் அம்மா அவள் வாயில் ஓர் இனிப்பைத் திணித்தார். வாய் நிறைய இருந்ததால் அவளால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நாட்கள் ஒரே தையலாக ஓடின. காலையில் வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வாள். இடது பக்கம் கையை வைத்துப் பார்ப்பாள். அப்புறம் ரப்பர் துண்டை வெட்டுவாள். ஜன்னலுக்கு எதிரே அந்தக் கதவு திறந்து திறந்து மூடும். பதினோரு எட்டு. கடலாக இருந்தால் நீந்தியாவது பார்க்கலாம்.

பத்தாவது வாரத்தில் ஸ்டோர்காரர் மூன்று மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது நூலைப் பிடிக்கவில்லை. கோபத்தில் கூச்சம் போயிருந்தது. மூன்றையும் முழுசாகவே பிடித்திருந்தார்.

"என்ன இது? முதல் மாதிரியில சட்டைப் பொத்தான் அளவு. அறுபதாவதுல கால்சட்டைப் பொத்தான். நேத்துக் கொடுத்தது மிஷின் பாபின் அளவு இருக்கு! உன் இஷ்டத்துக்கு அளவை மாத்துவியா?"

"நான் மாத்தல சார்."

"பின்ன யாரு மாத்தினது? இங்க பாரு, மேல்துணி வேற உள்ள இழுத்துக்கிட்டு ஒரு குழி. தையல் பிசகு!"

"தையல் பிசகல சார்."

"நல்லாத் தெரியுதே, சுருக்கம்!"

"எனக்கும் தெரியுது சார். போன செவ்வாக்கிழமையிலேர்ந்து."

ஸ்டோர்காரர் கையிலிருந்த மாதிரியைப் பார்த்தார். கதவில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அதை அவரே எழுதியிருந்தார். அதில் ஒரு பிழையும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வரிசை மாறாம அடுக்கி வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நிறைவு விழா அன்று மேடையெல்லாம் ரோஜா நிறம். நடுவில் நீள மேஜை. அதன் மேல் நூற்றிருபது பச்சை மாதிரிகள். சிறப்பு விருந்தினர் எதிர் பிளாக்கின் பெரிய டாக்டர். பன்னிரண்டு வாரம் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த மனிதர் தையற்காரிக்குக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நடுவே ஒரே ஒரு பூச்சாடி. அவள் எழுந்திருக்கப் போனாள். பின்னால் நின்ற ஸ்டோர்காரர் தோளைத் தொட்டு, "இன்னும் உன் முறை வரல" என்றார்.

மைக் அம்மா கையில் இன்று நிஜமாகவே மைக் இருந்தது.

"பெண்களே! தாமதம்தான் உங்கள் எதிரி! யார் உங்களைத் தாமதிக்க வைக்கிறார்கள்? உங்கள் வெட்கம்! உங்கள் அறியாமை! உங்கள் வீட்டு வேலை! நாங்கள் இருக்கிறோம், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு! ஆனால் வருகிறீர்களா? இல்லையே!"

மூன்றாவது வரிசையில் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். சான்றிதழைச் சுருட்டி, முறுக்கி, கயிறாக்கியிருந்தாள்.

டாக்டரைக் கண்ணை மூடிக்கொண்டு மூன்று மாதிரிகளைத் தொடச் சொன்னார்கள். முதலாவது, அறுபதாவது, நூற்றிருபதாவது. முதலாவதை அமுக்கித் தலையசைத்தார். அறுபதாவதில் புருவம் உயர்ந்தது. நூற்றிருபதாவதில் விரல் அந்தச் சுருக்கத்தின் மேல் நின்றது. கண்ணைத் திறந்தார்.

"அற்புதம்! ஒரே கட்டி படிப்படியா வளர்றதை இவ்வளவு துல்லியமா நான் எங்கயும் பார்த்ததில்ல. இப்படி மூணு நிலையா செய்யணும்னு யாருடைய யோசனை?"

மைக் அம்மா அரை விநாடி விழித்தார். பிறகு மைக்கை உயர்த்தினார்.

"திட்டமிட்டே செய்தோம், டாக்டர்! ஆரம்பத்திலிருந்தே அதுதான் எங்கள் இலக்கு! இதோ, இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன். அடுத்த கட்டமாக நாலாவது நிலை! இன்னும் நூற்றிருபது! இதே கைகள்தான் தைக்கும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தையற்காரியை முன்னால் தள்ளி, மைக்கை அவள் வாய்க்கு எதிரே பிடித்தார்கள்.

"நன்றின்னு மட்டும் சொல்லிட்டு வந்துடு" என்று முணுமுணுத்தார் ஸ்டோர்காரர்.

டாக்டர் கையில் நூற்றிருபதாவது மாதிரி இன்னும் இருந்தது. அவர் விரல் சுருக்கத்தை விட்டு நகரவில்லை. தையற்காரி மேஜையைப் பார்க்கவில்லை, மைக் அம்மாவைப் பார்க்கவில்லை. அந்த விரலைப் பார்த்தாள்.

"டாக்டர், நாலாவது நிலை எனக்கு இன்னும் வரல. அது வர்ற வரைக்கும் காத்திருந்து தைக்கட்டுமா, இல்ல நீங்க முதல்ல என்னைப் பார்க்கறீங்களா?"